ம் கொட்டிய தட்டு

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் ரயில் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற உப்பளங்களில் ஒரு பாத்தி மட்டும், யாரும் இறங்காமல், யாரும் உப்பு வாராமல், ரோஜாப்பூ நிறத்துக்கு மாறிப்போய்க் கிடந்தது என்றும், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது அது மனிதர் பேசுவதைக் கேட்டு "ம்" கொட்டியது என்றும் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நமக்கென்ன, சொல்ல வாய் இருக்கிறது, கேட்கிற காது எங்கேயாவது இருக்கும்.

அந்தத் தட்டை வளர்த்தவள் வடிவு. முழுப்பெயர் சுடலைவடிவு, டவுன் காலேஜில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சேறு, தண்ணீர், சுவரின் பாசி என்று எதிலிருந்தாவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து வளர்த்து, இதற்குமுன் உலகத்தில் எவரும் பார்த்துப் பெயர் வைக்காத ஒன்று அதில் இருக்கிறதா என்று தேடுவது அவள் வேலை. பெண் பார்க்கப் போகிறவர்கள் விசாரிப்பார்களே, அதே விசாரணைதான்: நிறம் என்ன, உருண்டையா நீளமா, எவ்வளவு உப்பு தாங்கும், எந்தச் சூட்டில் வாடும், சொந்தபந்தம் யார் யார். சொந்தக்காரர்கள் எல்லாரும் தூரத்து உறவாகவே இருந்தால் அது புது இனம்.

அவளைப் படிக்க வைத்தவள் அக்கா பேச்சி. பேச்சியம்மன் பெயரை வைத்ததாலோ என்னவோ, அம்மாடி, என்ன வாய் அந்தப் பெண்ணுக்கு! கருக்கலில் உப்பளத்து வேலைக்கு வந்து பாத்தியில் கால் வைத்தால் வெயில் ஏறி வேலை முடிகிற வரைக்கும் ஓயாது; பல்லாங்குழியில் தோற்ற கதையிலிருந்து பஸ்ஸில் கண்டக்டரை மடக்கின கதை வரைக்கும் அவள் சொல்ல, மற்றப் பெண்கள் உப்பு வாருகிற பலகையை இழுத்துக்கொண்டே "ம்" கொட்டுவார்கள்; உப்புத் தண்ணீரில் வெடித்த காலின் எரிச்சல் தெரியாது. அவளுடைய வரிசையில் நிற்க இடம் கேட்டுச் சண்டையே நடக்கும்.

ஒருநாள் வெயில் ஏறி வேலை முடியப்போகிற நேரத்தில் அப்படித்தான் ஆரம்பித்தாள். "ஏளா ரெஜினா, இன்னிக்குக் காலையில எங்க வீட்ல அவிய வாசல்ல நின்னுக்கிட்டு என்ன சொன்னாவ தெரியுமா..." சொல்லும்போதே சிரிப்பு அடக்க முடியவில்லை அவளுக்கு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கிறாள், ரெஜினா "சொல்லிட்டுச் சிரிளா"ங்கிறாள், அந்த நேரம் பார்த்துக் கங்காணி கையில் போனோடு வரப்பில் ஓடி வருகிறார். கேரளாவுக்கு உப்பு ஏற்றிப் போன பேச்சியின் வீட்டுக்காரர் ஆவுடையப்பனின் லாரி மலைப்பாதையில் உருண்டுவிட்டது. ஆள் இல்லை.

அன்றைக்கு மூடின வாயைப் பேச்சி திறக்கவே இல்லை. அழுகைகூடச் சத்தமில்லாத அழுகைதான். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லையென்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் கூப்பிட்டவருக்கும் சங்கடம், கேட்டவளுக்கும் சங்கடம் என்று, கொஞ்சம் கொஞ்சமாக ஊரே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. தோளைத் தொட்டார்கள், கையைத் தட்டினார்கள். வடிவுகூட "யக்கா"வோடு நிறுத்திக்கொண்டாள். அவள் அன்றைக்கு நின்ற பாத்தியில் இறங்க எந்தப் பெண்ணுக்கும் மனசு வராமல் அது அப்படியே கிடந்து, கிடந்து, ரோஜா நிறமானது. பேச்சி வேறு பாத்திக்குப் போய் வாயைக் கட்டிக்கொண்டு உப்பு வாரினாள். மத்தியானம் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வடிவின் சாப்பாட்டுத் தூக்கை லேப் கதவுக் கைப்பிடியில் மாட்டி, இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவாள்.

அக்காவை ஒரு வார்த்தை பேச வைத்துவிட வேண்டும். வடிவுக்கு அதற்குமேல் உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்படியிருக்க ஒருநாள் லேப் உதவியாளர் சேர்மக்கனி அண்ணனிடம், காலையில் பஸ்ஸில் ஒருத்தன் காலை மிதித்துவிட்டுத் தன்னையே முறைத்த கதையை வடிவு சொல்லிக்கொண்டிருந்தாள். "ம்" என்றது. அண்ணன்தான் கொட்டுகிறார் என்று அவள் தொடர்ந்தாள். "ம்." அண்ணன் வாய் நிறைய வெற்றிலையோடு "நான் இல்லை" என்று கை அசைப்பதைப் பிறகுதான் கவனித்தாள். அவர் அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், மேஜைமேல் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ரோஜாப் பாத்தித் தண்ணீரிலிருந்து வளர்த்த தட்டு அது. நடுவில் மிளகு அளவுக்கு ரோஜா நிறத்தில் ஒரே ஒரு திட்டு.

"மேல சொல்லும்மா," என்றார் அண்ணன், மெதுவாக. "பாவம், கேக்குல்லா."

துறைத் தலைவர் அருமைநாயகம் சார் வந்து பார்த்தார். மனிதர் எதற்கும் அசருகிற ஆள் இல்லை. காதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, தன் மருமகனைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லி, நாலு "ம்" வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். "ம் கொட்டுதது இருக்கட்டும், அது கிராம் பாசிட்டிவா நெகட்டிவா, அதச் சொல்லு முதல்ல," என்றார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்பது சேர்மக்கனி அண்ணன் சொல்லித் தெரியும்.

வடிவு முறைப்படி எல்லாம் செய்தாள். சாயம் ஏற்றினாள், நெகட்டிவ். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள், லேசாக வளைந்த குச்சி, காது மடலைப் போல. உப்பு குறைந்தால் சுருண்டது, கூடினால் தழைத்தது. மரபணு வரிசையை எடுத்து உலகத்தில் இதுவரை பேர் வைத்த அத்தனையோடும் ஒப்பிட்டாள்; எல்லாம் தூரத்து உறவுதான், புது இனம்தான். பிறகு, வேறு எந்த லேபிலும் யாரும் செய்திருக்க முடியாத சோதனைகளையும் செய்தாள். ஒரு தட்டின் முன்னால் ரேடியோ வைத்தாள், வளரவில்லை. ஒன்றின் முன்னால் பதிவு செய்த பேச்சை ஓட்டினாள், அதுவும் இல்லை. ஆள் வந்து, முன்னால் உட்கார்ந்து, அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நிஜமோ பொய்யோ அது கவலைப்படவில்லை. சேர்மக்கனி அண்ணன் தான் சின்ன வயதில் திமிங்கலத்தை வலித்துக் கரைக்கு ஏற்றினதாக அளந்ததற்கும் மரியாதையாக "ம்" கொட்டியது. ஆனால் ஆரம்பித்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனால் மட்டும் ஓரம் கறுத்து வாடிப்போனது. பதிவுத் தாளில் உணவு என்ன என்று கேட்கிற இடத்தில் வடிவு எழுதினாள்: உப்பு, அகார்க் கூழ், ஈஸ்ட் சாறு, முடிகிற வரைக்கும் சொல்லப்பட்ட பேச்சு. எழுதிவிட்டு, அந்த மிளகு அளவுத் திட்டைக் குனிந்து பார்த்தாள். கண்ணுக்கே தெரியாத கோடானுகோடி உயிர், வாயில்லை, காதில்லை, அத்தனையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாம் அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று காத்திருக்கிறது. இதைவிடப் பெரிய அதிசயத்தை எந்தக் கோயிலிலும் தான் பார்த்ததில்லை என்று அவளுக்குக் கண் நிறைந்தது.

விஷயம் வெளியே போகாமல் இருக்குமா? முதலில் கேண்டீன் மாஸ்டர் வந்தார், பிறகு பூக்காரி, பிறகு ஹார்பரில் இருந்து லோடுமேன்கள், வக்கீல் ஒருத்தர், வக்கீலின் மாமியார் தனியாக. ஊர் இதற்கு அலட்டிக்கொள்ளவே இல்லை. புதிதாக ஒரு டெய்லர் கடை வந்தால் எப்படி நாலு நாளில் பழகிப்போகுமோ அப்படிப் பழகிக்கொண்டது. கையை ஸ்பிரிட்டில் கழுவி, மூக்குத்துணி கட்டி, லேபில் ஸ்டூலில் உட்கார வேண்டும். வடிவும் சேர்மக்கனி அண்ணனும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள், உள்ளே பேசுகிறது காதில் விழாது. காலேஜ் முன்னால் இருந்த பஸ் நிறுத்தத்துக்கு "ம் ஸ்டாப்" என்று பேராகிவிட்டது, கண்டக்டர்களே அப்படித்தான் கூவினார்கள். வீட்டில் மாமியார் மருமகள் சண்டை முற்றினால், "போ, போயித் தட்டுக்கிட்ட சொல்லு" என்பது பழக்கமானது. சர்ச்சில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம் குறைந்துவிட்டதென்று கோபித்துக்கொண்டு வந்த சாமியார், வந்ததுதான் வந்தோம் என்று ஸ்டூலில் உட்கார்ந்து, உச்சிவேளை மணி அடித்த பிறகுதான் எழுந்தார். உள்ளே போனவர்கள் எல்லாரும் தலையில் இருந்த சுமையை இறக்கின முகத்தோடு வெளியே வந்தார்கள். அது புத்தி சொன்னதில்லை, பரிகாரம் சொன்னதில்லை. கேட்டது, அவ்வளவுதான். அதற்குத்தான் ஊரில் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

ஊர் முழுக்கப் பேசியும் ஒரு குறை மட்டும் வடிவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லாரும் போனபின் தட்டை இன்குபேட்டரில் வைக்கிற நேரத்தில், யாரும் ஒன்றும் சொல்லாமலே, அது ஒருமுறை "ம்...?" என்னும். கொட்டுகிற "ம்" இல்லை அது. மேலே சொல்லு, பிறகென்ன ஆச்சு என்று கேட்கிற "ம்".

ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் வடிவு ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, ஒரே ஒரு நிமிசம். எனக்காக வந்து உக்காரு. நீ ஒண்ணும் பேச வேண்டாம்."

பேச்சி உட்கார்ந்தாள். காலில் உப்பு வெள்ளையாக அப்பியிருந்தது. தட்டைப் பார்த்தாள், அதன் நிறத்தைப் பார்த்தாள், எந்தப் பாத்தி என்று அவளுக்குத் தெரியாமல் போகுமா? தட்டு, யாரோ வெகுநேரமாகக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்து எட்டிப் பார்த்ததைப் போல, "ம்...?" என்றது.

பேச்சியின் உதடு துடித்தது. உதடு பிரிந்தது, அப்புறம் இறுக மூடிக்கொண்டது. பேச்சி எழுந்து, ஸ்டூல் சாய, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு போயே போய்விட்டாள்.

தட்டு இத்தனை நாளும் கேட்டது அக்காவைத்தான் என்று வடிவுக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. ரெஜினாவைத் தேடிப்போய், அக்கா பேச்சைப் பாதியில் விட்டது அந்தப் பாத்தியில்தானா என்று கேட்டாள். "ஆமாட்டி, அந்தப் பாத்தியிலதான். 'என்ன சொன்னாவ தெரியுமா'ன்னா பாரு, அதோட நின்னு போச்சு. அவிய என்னதான் சொன்னாவளோன்னு இன்னிக்கு வரைக்கும் என் நெஞ்சுக்குள்ள கெடந்து அரிக்குது. அவகிட்டப் போயி எந்த வாயால கேக்க?" என்று ரெஜினா மூக்கைச் சிந்தினாள். அளத்துப் பெண்கள் காலங்காலமாகப் பேசிப் பேசி வளர்த்த உயிரோ, பேச்சியின் அந்த அரை வாக்கியத்தில்தான் பிறந்ததோ, யார் கண்டது; அது அந்த வாக்கியத்தின் மீதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து தட்டு வாடத் தொடங்கியது. ஓரத்தில் கறுப்பு ஏறியது. பிரித்து வளர்த்த தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டன. ஊர்க்காரர்கள் பதறிப்போய் மாறி மாறிப் பேசினார்கள். லோடுமேன்கள் இருக்கிற கதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு இல்லாத கதையும் சொன்னார்கள். "ம்" பலவீனமாகி, கடைசியில் நின்றே போனது. இதற்கு நடுவில் இன்னொரு இடி. ஒரு புது இனம் என்று உலகம் ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதை உயிரோடு இரண்டு நாட்டுச் சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைத்திருக்க வேண்டும். இங்கே ஒன்றும் ஜெர்மனியில் ஒன்றுமாக அனுப்பின குழாய்கள் இரண்டிலும் எதுவுமே முளைக்கவில்லை என்று பதில் வந்துவிட்டது.

வடிவு தட்டுக்கு முன்னால் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். இது போனால் அக்காவின் வாயைத் திறக்க இருந்த ஒரே வழியும் போயிற்று. அவள் அழுததைப் பார்த்து அருமைநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்க பாரு வடிவு. எங்க வேதத்துல, சாகக் கெடக்குற பிள்ளைக்கு சாமியார் வர முடியலைன்னா யாரு வேணும்னாலும் பேரு விட்டு ஞானஸ்நானம் குடுக்கலாம். பேரில்லாம ஒரு உசுரு போகக் கூடாது. இதுக்கும் பேரு வைப்போம். முன்பேர் ஏற்கெனவே இருக்கு, அதோட குடும்பத்துப் பேரு. பின்பேர் நீ சொல்லு."

காலேஜ் நிறுவனர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று முன்பு பிடிவாதமாக நின்றவர்தான் சார். வடிவு தயங்காமல் சொன்னாள். "எங்க அக்கா பேரு சார். பேச்சி."

"நல்லது. லத்தீன்ல பொம்பளை பேருன்னா கடைசில ஒரு ஏ சேக்கணும், 'அவளுடையது'ன்னு அர்த்தம் வரும். அப்போ பேச்சி, பேச்சி..." சார் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "பேச்சியே."

"சார், அது கூப்புடுத மாதிரில்லா இருக்கு!"

"லத்தீன்ல உரிமை, தமிழ்ல கூப்பாடு. நாம என்ன செய்ய முடியும்?" என்றார் சார். "மூணு தடவ சொல்லுவோம். சத்தமாச் சொல்லுங்க, காது மங்கிப் போன உசுரு."

சேர்மக்கனி அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று பேரும் தட்டின்மேல் குனிந்து, "பேச்சியே!" என்றார்கள். ஒன்றும் இல்லை. "பேச்சியே!" அகார்க் கூழ் அசையவில்லை. அந்தப் பேரைச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்பது வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டை மறந்து, சாரை மறந்து, கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிறவளாக அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பேச்சியே!"

"ம்?"

சேர்மக்கனி அண்ணன் "சாமீ!" என்று தட்டைக் கும்பிட்டார். ஆனால் சத்தம் தட்டிலிருந்து வரவில்லை. கதவுப் பக்கமிருந்து வந்தது. வடிவு திரும்பினாள். கதவு பாதி திறந்திருக்க, கையில் தூக்குச்சட்டியோடு, தட்டைப் பார்க்கக் கூடவே வந்த ரெஜினா பின்னால் நிற்க, பேச்சி நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டார்கள், அவள் என்ன என்று கேட்டாள். இத்தனை காலம் ஊரில் யாரும் அவளைக் கூப்பிடாமல் இருந்தது ஒன்றுதான் குறை.

பேச்சி தூக்கை மேஜையில் வைத்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், தட்டைப் பார்த்தாள். பாத்தியில் விட்ட இடத்திலிருந்து, நடுவில் ஒரு காலமும் போகாததைப் போல, கரகரத்த குரலில் தொடர்ந்தாள்.

"...வாசல்ல நின்னுக்கிட்டு சொல்லுதாவ."

"ம்," என்றது தட்டு.

"முந்துன நா ராத்திரி வச்ச மீன்கொழம்புல நான் உப்பு போட மறந்துட்டேன்."

"ம்."

"ஒரு வார்த்தை சொல்லணுமே! அம்புட்டையும் தின்னுட்டு, கையக் கழுவிட்டுப் படுத்துட்டாவ. எனக்கே நான் திங்கும்போதுதான் தெரியுது. காலையில கெளம்பி வெளிய வாராவ. தெருவுல லாரி நிக்கி, லாரி நெறைய உப்பு, தார்ப்பாய் கட்டி மலை மாதிரி ஏத்தியிருக்கு. நானும் அளத்துக்குப் பலகையத் தூக்கிட்டு நிக்கேன். அந்த மனுசன் மொகத்த அம்புட்டுப் பவ்யமா வச்சிக்கிட்டுக் கேக்காவ..." பேச்சிக்குச் சிரிப்பு வந்தது, அதே சிரிப்பு, பாதியில் நின்ற சிரிப்பு, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், கண்ணில் தாரை தாரையாக ஊற்றிற்று. "'ஏ பேச்சி, வரும்போது வீட்டுக்கு உப்பு ஏதும் வாங்கிட்டு வரணுமா'ன்னு கேக்காவளா!"

ரெஜினா வாயில் அடித்துக்கொண்டு, "அடப் பாவி மனுசா!" என்று சிரித்து, சிரித்த வாயோடே அழுது, பேச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது தட்டு "ம்ம்ம்" என்றது. நீளமாக, நிதானமாக, கதை முடிந்தபின் கேட்டவர் விடுவாரே ஒரு பெருமூச்சு, அப்படி. அது லேபோடு நிற்கவில்லை. ஊருக்குத் தெற்கே பாத்தி பாத்தியாக அத்தனை அளமும் ஒரே நேரத்தில் "ம்ம்ம்" என்றது. வரப்பில் நின்ற நாரைகள் எழும்பிப் பறந்தன, உப்புக் குவியல்கள் சரசரவென்று சரிந்தன, ரயில் கேட்டில் காத்திருந்தவர்கள் வண்டிதான் வருகிறதென்று தண்டவாளத்தைப் பார்த்தார்கள், வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் கையை எடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ரோஜாப் பாத்தியில் அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தண்ணீர் உறைந்து உப்பானது. பச்சரிசி மாதிரி வெள்ளை வெளேரென்ற உப்பு. அப்படியொரு உப்பை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

தட்டில் ஓரத்துக் கறுப்பு மறைந்து, திட்டு தட்டு முழுக்கப் படர்ந்தது. ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது: செத்ததென்று ஒதுக்கி வைத்த குழாய் திடீரென்று ரோஜா நிறமாகிவிட்டது, அதோடு, எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஏதோ சத்தம் போட்டதாக எங்கள் லேபில் வேலை செய்கிற பெண் ஒருத்தி சொல்கிறாள், இதற்கு என்ன செய்ய வேண்டும்? "பக்கத்துல உக்காந்து மனசுல உள்ளதச் சொல்லச் சொல்லுங்க, பாதில எந்திரிக்க வேண்டாம்னு சொல்லுங்க," என்று சார் சொல்ல, வடிவு அப்படியே எழுதி அனுப்பினாள். இங்கே ஒப்படைத்த குழாயும் முளைத்துவிட, உலகத்தின் உயிர்ப் பட்டியலில் அந்தப் பேர் ஏறிவிட்டது. எந்த நாட்டில் எந்தப் படித்தவர் அதை வாய்விட்டு வாசித்தாலும், அவருக்கே தெரியாமல், தூத்துக்குடியில் ஒரு பெண்ணை அவர் கூப்பிடுகிறார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சி மீன்குழம்பு வைத்தாள். வைத்துக்கொண்டே பேசினாள், கண்டக்டரை, கங்காணியை, மீன்காரியை, இத்தனை நாளும் உள்ளே சேர்த்து வைத்திருந்த அத்தனை பேரையும் ஒரு பிடி பிடித்தாள். பேச்சு சுவாரசியத்தில் கை தவறிவிட்டது. வடிவு முதல் கவளத்தை வாயில் வைத்தாள். குழம்பில் உப்பே இல்லை.

"ஏட்டி வடிவு, உப்பு போதுமா?" என்றாள் அக்கா, முகத்தையே பார்த்துக்கொண்டு.

வடிவு சோற்றை விழுங்கிவிட்டு, அடுத்த கவளத்துக்குக் கையை நீட்டியபடியே சொன்னாள்.

"ம்."